சாலைமேல் இட்ட பழி

பிரான்சு நாட்டில், லெ மான் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர்ப் பங்கில் நாம் பணியாற்றிய நாட்களில், ஞாயிறு திருப்பலிக்கு ஒரு முதிய தம்பதியர் பழைய கார் ஒன்றில் வருவர். நீண்டு தாழ்ந்த முகமும் கண்ணாடிக்குள் அடங்கிய ஆறு விளக்குகளும் கொண்ட சிட்ரோயன் எஸ்.எம். அது. 1970-இல் வெளிவந்து 1975-இல் உற்பத்தி நின்றுபோன ஸ்போர்ட்ஸ் கார்; இஞ்சின் மட்டும் இத்தாலிய மசெராட்டி நிறுவனத்தாருடையது.

அம்மையாருக்கு முதுகுத்தண்டில் தீராத வலி. அக்டோபர் முதல் நாள், சிறுமலர் தெரேசம்மாளின் திருநாளில் லிசியூ செல்ல வேண்டும் என்பது அவரது ஆவல். ஆயினும் அக்காரில் நெடுந்தொலைவு செல்ல அஞ்சினார். குழிகள் யாவும் தம் எலும்பிலேயே விழுகின்றன என்று முறையிடுவார். கணவரோ, "சாலைகள் கெட்டுவிட்டன, உன் முதுகும் மூத்துவிட்டது" என்று ஈராண்டுகளாக விடை கூறிவந்தார்.

ஒருநாள் நாமும் அக்காரின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்ல நேர்ந்தது. இரண்டு இடங்களில் நம் தலை கூரையில் மோதிற்று. "சாலைதான், சுவாமி" என்றார் பெரியவர். "நேற்று இதே சாலையில் சைக்கிளில் வந்தோமே, இவ்வளவு இல்லையே!" என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. வீடு சேர்ந்ததும் இஞ்சினை நிறுத்தாமலே இறங்கிவந்து, காரின் பின்பக்கத்தை இரு கைகளாலும் அழுத்தினார். சுவரை அழுத்தியது போலிருந்தது.

அக்காரில் எஃகு ஸ்பிரிங் கிடையாது. பொறியியற் கல்லூரி காணாத போல் மாஜெஸ் என்பவர் உருவாக்கி, 1954-இல் முதலில் பின்சக்கரங்களுக்கு மட்டும் பொருத்தப்பட்ட ஏற்பாடு அது. ஒவ்வொரு சக்கரத்திற்கும் உரித்த தேங்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை. அதன் நடுவே ரப்பர் சவ்வு. சவ்வின் ஒருபுறம் நைட்ரஜன் வாயு, மறுபுறம் பச்சை நிற எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறும்போது எண்ணெய் சவ்வைத் தள்ளும். வாயு சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஓட்டுநர் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் கார் உயரும், தாழும். பாரம் எவ்வளவு ஏறினும் உயரம் குறையாதபடி எண்ணெயைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கருவி உண்டு. இங்கேதான் சிக்கல். ஆண்டுகள் செல்லச் செல்ல வாயு சவ்வின் வழியே மெல்லக் கசிந்துபோகும். ஆயினும் அக்கருவி எண்ணெயை நிரப்பிக் காரைப் பழைய உயரத்திலேயே நிறுத்திவைக்கும். வெளிப்பார்வைக்குக் குறை தெரியாது. நாள்தோறும் ஓட்டுபவர்க்கோ கடினம் பழகிவிடும்.

மறுவாரம் வேலையைத் தொடங்கினோம். தொடங்கினோம் என்பது பெருமைப் பேச்சு. ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததே நம் பங்கு. காரை முழு உயரத்திற்கு எழுப்பியிருந்த வேளையில் ஒரு திருகு நழுவி அடியில் உருண்டது. நாம் சட்டெனக் குனிந்து தலையை உள்ளே நீட்டினோம். மறுகணம் பெரியவர் நம் சட்டைக் காலரைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "அதைத் தூக்கி நிறுத்தியிருப்பது எண்ணெய், சுவாமி! ஒரு குழாய் விட்டுப்போனால் ஒன்றரை டன் உங்கள் மேல்!" என்றார். அதன் பிறகே இரும்புத் தாங்கிகளை முட்டுக்கொடுத்து, இஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றும் திருகைத் தளர்த்தினார். கார் பெருமூச்சு விட்டுத் தாங்கிகளின் மேல் அமர்ந்தது. நம் முழங்கால்கள் நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

நான்கு உருண்டைகளையும் கழற்றி நைட்ரஜன் நிரப்பும் பணிமனைக்கு அனுப்பினோம். பின்பக்கத்து இரண்டிலும் சவ்வே கிழிந்திருந்தது. அவற்றிற்குப் புதியன வாங்கவேண்டியதாயிற்று. புதிய ரப்பர் வளையங்களுக்கு எண்ணெய் தடவி, கையாலேயே முறுக்கிப் பொருத்தினார் பெரியவர். பிறகு பின்பக்கத்தை அழுத்தினார். அது இசைந்து தாழ்ந்து, மெல்ல எழுந்தது. அவர் மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்துக்கொண்டேயிருந்தார். "இரண்டு ஆண்டுகள்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

திருநாளன்று லிசியூ சென்று இரவுதான் திரும்பினர். அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் அம்மையாரிடம் பயணம் எப்படி என்று வினவினோம். கணவரைக் கடைக்கண்ணால் நோக்கி, "சாலையை நன்றாகச் செப்பனிட்டுவிட்டார்கள், சுவாமி" என்றார்.