குழாயின் இரு முனைகள்

ஜூல் வெர்ன் 1869-70இல் எழுதி வெளியிட்ட கடலடிப் பயண நாவலைச் சிறுவர் பதிப்பாக மட்டுமே படித்தவர்களுக்கும் அதில் மன்னார் வளைகுடா வருவது நினைவிருக்கலாம். கேப்டன் நெமோ தம் விருந்தினர்களை முத்துச்சிப்பிகள் கிடக்கும் பார்களுக்கு அழைத்துச் செல்கிறார். காலிடுக்கில் கல்லைப் பற்றியபடி மூச்சடக்கி இறங்கும் இந்தியர் ஒருவரைச் சுறா தாக்க வருகிறது. நெமோ குறுக்கே பாய்ந்து அவரைக் காப்பாற்றுவதோடு ஒரு பை முத்தையும் கையில் கொடுத்தனுப்புகிறார். எங்கள் மாணவர்களிடம் இப்பகுதியைச் சொல்லும்போதெல்லாம் சுறாவைப் பற்றித்தான் கேள்வி வரும். எங்களுக்கோ கதையில் நெமோ முதுகில் சுமந்து திரியும் கருவியின்மேல் ஒரு கண்.

அக்கருவி பாதிதான் கற்பனை. ரூக்கேரோல் என்னும் சுரங்கப் பொறியாளரும் தெனேரூஸ் என்னும் கடற்படை அதிகாரியும் 1860களில் பிரான்சில் உருவாக்கிய ஒன்றைத்தான் வெர்ன் பெயர் சொல்லியே எடுத்தாண்டார். மூச்சை உள்ளிழுக்கும் கணத்தில் மட்டும் காற்றைத் தந்து, மற்ற நேரத்தில் அடைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் மெய்யான கருவிக்கு மேலேயிருந்து பம்பு அடிப்பவர்கள் வேண்டும். அவர்களிடமிருந்து ஒரு ரப்பர்க் குழாயும் இறங்கிவர வேண்டும். அந்தக் குழாய் ஒரு விலங்கு என்று நாவலுக்குள்ளேயே பேச்சு வருகிறது. நெமோ அதைக் கழற்றி எறிந்துவிட்டார். எழுத்தில் எதையும் எளிதாகக் கழற்றிவிடலாம். கடலில் அது செம்மையாகக் கைகூட 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் பெட்ரோலுக்குப் பதிலாக எரிவாயுவைக் கொண்டு கார் ஓட்டுவதற்கென எமில் கான்யான் செய்திருந்த வால்வை, அவரும் கூஸ்தோவும் சேர்ந்து மனிதரின் மூச்சுக்கு மாற்றினார்கள். 1950களின் தொடக்கத்தில் மெல்போர்னில் டெட் எல்ட்ரெட் என்பவர் அந்த ரெகுலேட்டரை இரண்டாகப் பிரித்தார்: சிலிண்டரின் கழுத்தில் ஒரு பாதி, வாயில் ஒரு பாதி, நடுவே ஒற்றைக் குழாய். இன்று சுற்றுலாக் கடற்கரைகளில் நாம் காண்பது அந்த வடிவத்தைத்தான்.

இலக்கியப் பக்கத்தில் வால்வுக்கும் வாஷருக்கும் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். எல்ட்ரெட் பிரித்துவைத்த அந்த இரண்டாவது பாதியை, அதாவது வாயில் கவ்வும் பாதியை, மறுபடியும் படகிலிருந்து இறங்கும் குழாயிலேயே பொருத்த விரும்பும் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். எங்கள் கல்லூரியில் எட்டு ஆண்டுகளுக்கு முன் தமிழ் இளங்கலை படித்தவர். இப்போது சங்கு குளிக்கிறார். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களிடையே படகில் கம்ப்ரசரை வைத்துக்கொண்டு குழாயோடு இறங்குகிறவர்கள் உண்டு. சிலிண்டர் விலை மிகுந்தது. அதில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றடைக்கத் தனி இயந்திரமும் வேண்டும். கம்ப்ரசருக்கு டீசலோ பெட்ரோலோ போதும். உலகின் பல ஏழைக் கரைகளில் இதுவே வழக்கம். பிலிப்பைன்ஸ் மீனவர்கள் ரெகுலேட்டர் எதுவுமின்றி வெறுங்குழாயைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்குவதைப் படங்களில் பார்த்திருக்கிறோம். எங்கள் மாணவரும் அதுவரை அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தார்.

"சார், இது பழசுதான், ஆனா நல்லா இருக்கு" என்று ஒரு பையிலிருந்து இரண்டு ரெகுலேட்டர்களை எடுத்து மேசைமேல் வைத்தார். வாய்ப்பகுதிகள் மட்டும். கூடவே நான்கு பக்க ஆங்கிலத் துண்டறிக்கை. அதைத் தமிழில் எழுதித்தர வேண்டும் என்பதே அவர் கேட்டது. பட்டறைக்காரர் மரையைப் பொருத்திக் கொடுத்துவிடுவாராம். எதை எவ்வளவு திருகுவது என்று மட்டும் தெரிந்தால் போதுமாம். நாங்கள் இருவர், தமிழ்த்துறையில் ஒருவரும் இயற்பியல் துறையில் ஒருவருமாக, பத்து நாள் மாலை அதில் செலவிட்டோம்.

மரையிலிருந்தே சிக்கல் தொடங்கியது. ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியில் குழாய் சேரும் இடம் 9/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 மரை. பட்டறைகளில் எளிதில் கிடைக்கும் கால் அங்குல, 3/8 அங்குலக் குழாய்ப் பொருத்திகளிலோ அங்குலத்துக்கு 19 மரை, விட்டமும் ஒத்துவராது. டேப் சுற்றி இறுக்கினால் கரையில் நிற்கும், நீருக்குள் எப்போது கழலும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒருபுறம் இந்த மரையும் மறுபுறம் அந்த மரையும் வெட்டிய பித்தளை இணைப்பு ஒன்று வேண்டும். கசிவைத் தடுப்பது ஓ-ரிங்காக இருக்க வேண்டும். இதை ஒரே பத்தியில் எழுதி முடித்துவிட்டோம். மரை விஷயத்தில் நாங்கள் சொல்லிப் பட்டறைக்காரர் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

கடினமானது அடுத்தது. அதைப் புரிந்துகொள்ள ரெகுலேட்டரைச் சற்றே திறந்து பார்க்க வேண்டும். சிலிண்டரின் கழுத்திலிருக்கும் முதல் பாதி, 200 பார் காற்றை ஏறத்தாழ 9 அல்லது 10 பாருக்குக் குறைத்து அனுப்புகிறது. அந்தப் பத்து எதைவிடப் பத்து என்பதில்தான் நுட்பமெல்லாம். சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட அது பத்து அதிகம். பத்து மீட்டர் இறங்கினால் நீரின் அழுத்தம் ஒரு பார் கூடும். முதல் பாதி அதை உணர்ந்து தானும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். வாயிலுள்ள இரண்டாம் பாதியில் ஒரு ரப்பர்ச் சவ்வு, ஒரு சிறு நெம்புகோல், வால்வை அடைத்து நிற்கும் ஒரு ஸ்பிரிங். காற்று வால்வைத் திறக்கத் தள்ளுகிறது, ஸ்பிரிங் மூடத் தள்ளுகிறது. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக நிற்க, நாம் மெல்ல மூச்சிழுத்ததும் சவ்வு உள்வாங்கி, நெம்புகோல் தட்டி, காற்று வருகிறது. அந்த ஸ்பிரிங்கை எந்த அளவில் வைப்பது என்பதெல்லாம் முதல் பாதி தரும் மாறாத பத்தை நம்பியே கணக்கிடப்பட்டது.

இப்போது முதல் பாதியை நீக்கிவிட்டுப் படகிலிருக்கும் கம்ப்ரசரோடு இதை இணைக்கிறோம். கம்ப்ரசர் 7 பார் தருவதாகக் கொள்வோம். அது படகிலேயே நிற்கிறது; ஆழம் என்ற ஒன்று அதற்குத் தெரியாது. மேற்பரப்பில் ஏழாக இருப்பது இருபது மீட்டரில் ஐந்தாகிவிடுகிறது. நீண்ட குழாயின் உராய்வில் இன்னும் கொஞ்சம் போகும். பத்துக்கு எதிராக வைத்த ஸ்பிரிங் ஐந்தை எளிதாக வென்று வால்வை அழுத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மூச்சும் இழுவையாகும். சங்கை மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கும் வேலையோடு இந்த இழுவையும் சேரும்போது உடலில் கரியமிலவாயு தேங்கி, தலை கனத்து, மனிதர் நிதானமிழப்பார். சரி, ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடலாம் என்றால், ஐந்துக்கு அமைத்த ரெகுலேட்டர் மேற்பரப்பின் ஏழைத் தாங்காமல் ஓயாது சீறிக் காற்றைக் கொட்டும்.

ஆக, தளர்த்துவதை வேலை செய்யும் ஆழத்துக்கும் கம்ப்ரசரின் அழுத்தத்துக்கும் சேர்த்தே செய்ய வேண்டும். செய்தபின் கம்ப்ரசரின் அழுத்தத்தை மனம்போல மாற்றக் கூடாது. குழாயின் உள்விட்டம் தாராளமாக இருக்க வேண்டும். அழுத்த மாறுபாட்டை ஓரளவு தாங்கிக்கொள்ளும் சமநிலை வால்வுகளும் உண்டு. மாணவர் கொண்டுவந்தவற்றுள் ஒன்று அவ்வகை. "இது ஒண்ணு மட்டும் வச்சுக்க, இன்னொண்ண உதிரிப் பாகத்துக்குப் போடு தம்பி" என்றார் இயற்பியல்காரர்.

துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்தது குழாயின் கீழ்முனையில் பொருத்த வேண்டிய ஒரு சிறு வால்வு. காற்று உள்ளே வரலாம், திரும்பிப் போகக் கூடாது. இதன் அருமையைக் கூஸ்தோவே எழுதியிருக்கிறார். சிலிண்டருக்கு முந்தைய நாட்களில் மேலிருந்து காற்று வரும் குழாயைக் கவ்வி சுமார் நாற்பதடி ஆழத்தில் இருந்தபோது, மேற்பரப்பருகே குழாய் அறுந்துவிட்டது. அறுந்த குழாயின் வழியே மேலுலகின் லேசான காற்று நேரே நுரையீரலோடு இணைந்துவிட, சுற்றியுள்ள நீர் மார்பை நசுக்கும். கூஸ்தோ தொண்டையை இறுக அடைத்துக்கொண்டு மேலேறித் தப்பினார். அந்தக் கணத்தில் தொண்டை செய்ததைத்தான் இந்த வால்வு செய்கிறது, பதற்றமின்றி.

இங்கே சொல்லாராய்ச்சி குறுக்கிட்டது. வால்வுக்குக் கலைச்சொல் அகராதிகள் தரும் சொல் 'ஓரதர்'. அதர் என்றால் வழி, பழைய சொல்; ஓரதர், ஒரே வழி. கேட்க இனிமையானதுதான். ஆனால் எல்லா வால்வும் ஒருவழி வால்வு அல்ல. சொல்லின் பொருளுக்கு முற்றும் ஒத்துவருவது துண்டறிக்கையின் இந்த ஒரு வால்வுதான். அதற்கு மட்டும் ஓரதர் என்று எழுதி, மற்றவற்றை வால்வு என்றே விடலாமா என்று வெகுநேரம் பேசினோம். மாணவர் எட்டிப் பார்த்து, "ஒன்வேன்னே எழுதிருங்க சார், படகுல எல்லாரும் படிக்கணும்ல" என்றார். ஒன்வே என்றே எழுதினோம். படகில் உயிர் காப்பது எந்தச் சொல்லோ அதுவே நல்ல தமிழ் என்று அன்று தோன்றியது. வகுப்பறையில் இதை இவ்வளவு தாராளமாகச் சொல்வோமா என்பது வேறு.

எஞ்சினின் புகைபோக்கி ஒருபுறமும் கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் வாய் மறுபுறமும் இருக்க வேண்டும், காற்று திசை மாறினால் படகையும் திருப்ப வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினோம். மேலே தலைவலியோடு போகும் நச்சுப்புகை இருபது மீட்டரில் மூன்று மடங்கு வலுவோடு மூச்சில் சேரும். குழாயை நேரே வாயில் தொங்கவிடாமல் இடுப்பில் கட்டி, அங்கிருந்து வாய்க்குக் கொண்டுவர வேண்டும். முதுகில் சிறு சிலிண்டர் ஒன்று கைகாவலாக இருந்தால் மிகவும் நல்லது. இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு மாணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் விலை எங்களுக்கும் தெரியும்.

'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்பார்கள். தேனெடுக்க இறங்குகிறவனின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தான் பிடித்தால்தான் நம்பிக்கை என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. எங்கள் மாணவரின் கம்ப்ரசரைக் கவனித்துக்கொள்வதும் மச்சான்தான். மூச்சடக்கிக் குளித்த காலத்தில் மேலே இருப்பவர் கயிற்றின் அசைவைப் பார்த்தால் போதும். இப்போது அழுத்தமானி, எரிபொருள், காற்றின் திசை, குழாயின் மடிப்பு என்று அத்தனையும் அவர் கண்ணில் இருக்க வேண்டும். நீருக்குள் இறங்கியிருந்தால் முதல் பாதி தானாகச் செய்திருக்கும் வேலையில் ஒரு பங்கு அவர் தலையில் ஏறிவிட்டது.

ஒரே ஒரு இடத்தில்தான் மாணவர் எங்களோடு வாதாடினார். சிலிண்டரில் காற்று தீரும். தீருவதே ஒரு காவல். குழாயில் காற்று தீர்வதில்லை. பத்துப் பாகம், அதாவது பதினெட்டு மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்துவிட்டு நேரே மேலேறினால், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிக் கைகாலைச் செயலிழக்கச் செய்யும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். ஹால்டேன் 1908இல் படிப்படியாக மேலேறும் அட்டவணையை வகுத்தது இதற்காகத்தான். "ஒரு மணி நேரத்துல எத்தன சங்கு கெடைக்கும் சார்?" என்று கேட்டார். வெறுங்குழாயில் அவர் எவ்வளவு நேரம் இருந்திருக்கிறார் என்று கேட்டோம். சொன்னார். இயற்பியல்காரர் சற்று நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். பித்தளை இணைப்பு வந்துவிட்டது, ஒன்வே போட்டாயிற்று, கரையோரம் இடுப்பளவு நீரில் வைத்துப் பார்த்ததில் மூச்சு லேசாக வருகிறது, மச்சான் ஒரு கடிகாரம் வாங்கிக் கம்ப்ரசர் பக்கத்தில் கட்டியிருக்கிறார். பிறகு, முதல் குளி முடித்து மேலே வந்து சோறு தின்றுவிட்டு இரண்டாம் குளிக்கு இறங்கினால் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கேட்டார். முதல் குளியின் நைட்ரஜன் உடலில் மிச்சமிருக்குமாதலால் நிச்சயமாக ஒரு மணி நேரம் இல்லை என்று சொன்னோம். எவ்வளவு என்று சொல்லும் அட்டவணை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், சிறு எழுத்து. இப்போது அதைத்தான் பெயர்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை நாளுக்கு ஒரு குளி போதும் என்று கேட்டிருக்கிறோம். சரி என்றிருக்கிறார்.