நாலு கொட்டான்

டிசம்பர் பிறந்தால் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் முதலில் பரணிலிருந்து இறங்குவது முறுக்கு உரல். அடுத்தது அச்சு முறுக்குக் கம்பி. ஸ்டார் செய்ய மூங்கில் குச்சியும் கலர்த் தாளும் மைதாப் பசையும் போதும். மரம் என்றால் சவுக்குக் கிளைதான். அதை மண் நிரப்பிய வாளியில் நட்டுப் பஞ்சை ஒட்டிவிட்டால் பனி விழுந்துவிடும்! பனியை நாங்கள் யாரும் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த மரத்தடியில் பரிசுப் பொட்டலம் எதுவும் இருக்காது. பிள்ளைகள் நாங்கள் நாலு பேர். ஆளுக்கு ஒரு புதுத் துணி, அதுவும் அடுத்த வருஷமும் போடும்படி ஒரு சுற்றுப் பெரிதாகத் தைத்தது. ஆனால் கொடுப்பதற்குக் குறைவே கிடையாது. விடியற்காலை ஆராதனை முடிந்து வந்ததும் தெருவில் பாதி வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போகும். தீபாவளிக்கு அவர்கள் கொடுத்தது, நோன்புக் கஞ்சியாக வந்தது, எல்லாம் அம்மாவின் மனக்கணக்கில் இருக்கும். போன தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சீனியாவது அதில் இருக்கும். சீனி ரேஷனில் அளந்து வாங்கிய காலம், நினைவிருக்கும் உங்களுக்கு.

எங்களுக்குப் பரிசு என்று ஒன்று உண்டென்றால் அது அத்தை கொண்டு வருவதுதான். அப்பாவுக்கு மூத்தவள். மெய்ஞ்ஞானபுரத்தைத் தாண்டி, தேரி மணல் சிவந்து கிடக்கும் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். மாமா பனையேறி, பனையிலிருந்து விழுந்துதான் இறந்தார். அதன் பிறகு அத்தை அடுத்தவர் விடிலியில் பதநீர் காய்ச்சிப் பிழைத்தாள். சித்திரை வெயிலில் அந்த அடுப்பு முன் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது என்ன பிழைப்பு என்று.

அவளுக்குக் கூலியாகக் கிடைக்கும் கருப்பட்டியில் விற்றது போக, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு ஊற்றிய சில்லுக்கருப்பட்டி கொஞ்சம் எங்களுக்கென்று ஒதுங்கிவிடும். பனை ஓய்ந்தபின் நாலைந்து மாதம் அதைக் காப்பாற்ற வேண்டும். அடுப்புக்கு மேலே புகை படும் பரணில் வைத்தால்தான் மழைக்காலத்தில் இளகாது. இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் இரண்டு பஸ் மாறி வந்து இறங்குவாள். பைக்குள் நாலு ஓலைக் கொட்டான். ஆளுக்கு ஒன்று. பங்குச் சண்டைக்கு வழியே இல்லை. ஓலை வாசமும் புகை வாசமும் சேர்ந்த அந்த இனிப்பை நான் ஜனவரி கடைசி வரை நக்கிக்கொண்டிருப்பேன்.

1981இல் நான் மெட்ராஸில் தபால் துறையில் வேலை. போனஸ் வந்திருந்தது; பத்துத் தவணையில் பிடிக்கும் பண்டிகை முன்பணமும் கையில் இருந்தது. கோ-ஆப்டெக்ஸில் அத்தைக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்தேன். சந்தன நிறம், மெல்லிய கரை. எல்லார் முன்னாலும், அவள் கொட்டான்களைப் பிரித்துக் கொண்டிருந்த நேரத்தில்தான், பெட்டியை மடியில் வைத்தேன். விலைச்சீட்டைக் கிழிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் சொல்லி வந்தேன். மறக்கவில்லை. அவள் சேலையைத் தடவினாள், “நல்லாருக்குய்யா” என்றாள். கொட்டான்களை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

அடுத்த வருஷம் அத்தை வரவில்லை. மேலுக்கு முடியவில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். புத்தாண்டு கழிந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். போய்ப் பார்த்தால் அத்தை திடமாக, முற்றம் பெருக்கிக் கொண்டிருந்தாள். சேலை டிரங்குப் பெட்டி மேல், வந்த அட்டைப்பெட்டியோடு அப்படியே இருந்தது. ஏன் வரவில்லை என்று நான் இரண்டு தடவை கேட்ட பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அம்மாம் பெரிய விலையில நீ எடுத்துத் தந்திட்ட. இனி இந்தக் கருப்பட்டியத் தூக்கிக்கிட்டு எப்படிய்யா வாறது?”

எனக்கு வாயடைத்துவிட்டது. அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மைனி, அதெல்லாம் இருக்கட்டும். வீட்ல எல்லாருக்கும் இருமல். கடைக் கருப்பட்டியில சுக்குக்காப்பி போட்டா ஒருத்தரும் குடிக்க மாட்டேங்காக. உங்ககிட்ட இருந்தாத் தாங்க, கேட்டு வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்” என்றாள்.

இருமல் யாருக்கும் கிடையாது.

அத்தை எழுந்துபோய்ப் பரணில் கைவிட்டாள். நாலு கொட்டான், ஓலை ஈர்க்கால் வாய் கட்டித் தயாராக இருந்தது. கட்டி எத்தனை நாளாயிற்றோ. அம்மா அங்கேயே ஒன்றைப் பிரித்து ஒரு சில்லை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த வருஷம் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு வந்தாள். இஞ்சியில்லை, சுக்கு என்று அத்தை திருத்தினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “அவுக கையக் கட்டிப் போட்டுட்டியேலே.” அதற்குப் பிறகு அத்தை இருந்தவரைக்கும் கிறிஸ்துமஸ் தவறாமல் வந்தாள். சேலையை என் கல்யாணத்துக்குக் கட்டியிருந்தாள்.

இப்போது பிள்ளைகள் செல்போனிலேயே பரிசு அனுப்பிவிடுகிறார்கள். குறை சொல்லவில்லை; எனக்கு வந்த ஸ்வெட்டர் நன்றாகவே இருக்கிறது, பாளையங்கோட்டையில் அதை எப்போது போடுவது என்பதுதான் தெரியவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு, எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்கு வழக்கம்போல் சேலையும் பணமும் கொடுத்தோம். மறுநாள் அவர் ஒரு தூக்குவாளியில் அதிரசம் கொண்டுவந்தார். “உங்களுக்கு எதுக்கும்மா வீண் செலவு? அங்கிளுக்கு வேற சுகர்” என்று மருமகள் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தாள். அந்த அம்மாவின் கை வாளியோடு பாதியில் நின்றது.

நான் நாற்காலியை விட்டு எழுந்துபோய் வாளியை வாங்கி, நின்ற நின்ற இடத்திலேயே இரண்டு தின்றேன். பாகு நல்ல பதம். மூன்றாவதை எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் ஏலக்காய் கொஞ்சம் கூடப் போடுங்கள் என்றேன். அன்றைக்கு ராத்திரி சுகர் எவ்வளவு இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.