தகட்டுக்கு எவ்வளவு, பெயின்டுக்கு எவ்வளவு?

சென்னை எழும்பூரை ஒட்டி, கூவத்தின் கரையில் இருக்கிறது புதுப்பேட்டை. பழைய கார்க் கதவுகளும் பானெட்டுகளும் ஹெட்லைட்டுகளும் கடை வாசல்வரை அடுக்கிக் கிடக்கும் இந்தச் சந்தைக்கு வெளியூர் மெக்கானிக்குகளும் தேடி வருகிறார்கள். உதிரிபாகக் கடைகளைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தால் டிங்கர் பட்டறைகள். நசுங்கிய தகட்டை நிமிர்த்துவதும், துருவேறிய தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டுவதும் இங்கே தொழில்.

என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு மாருதி 800. தரைத் தகட்டிலும், இரண்டு பக்கமும் கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டிலும் துரு. மூன்று இடங்களில் எஸ்டிமேட் கேட்டேன். ஒருவர் 14,000 ரூபாய் என்றார், இன்னொருவர் 32,000, மூன்றாமவர் 58,000. ஒரே வண்டிக்கு நான்கு மடங்கு வித்தியாசம் எப்படி வருகிறது என்று தெரியாமல் பணம் கொடுக்க மனம் வரவில்லை. 32,000 சொன்ன டிங்கரிடமே, "பாய், வேலை எப்படி நடக்குதுன்னு கூட இருந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். "உங்க வண்டி மாதிரியே ஒண்ணு பிரிச்சுப் போட்டிருக்கேன். வந்து உக்காருங்க சார்" என்றார்.

அந்த வண்டியில் சீட்டும் கார்பெட்டும் கழற்றப்பட்டிருந்தன. பாய் சின்னச் சுத்தியலை எடுத்துத் தரையை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகட்டில் கணீரென்று சத்தம் வந்தது. இடதுபக்கம், முன்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் இடத்தில் சத்தம் செத்துப்போனது. சாக்பீஸால் வட்டம் போட்டார். ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினார். தகடு அப்பளமாக நொறுங்கிக் கீழே சிமென்ட் தரை தெரிந்தது. முதலில் போட்ட வட்டத்தை அழித்துவிட்டு இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு வட்டம் போட்டார். "தட்டும்போது எங்க கணீர்னு கேக்குதோ, அங்க வரைக்கும் வெட்டணும். துருவுல போட்ட வெல்டிங் நிக்காது."

ரன்னிங் போர்டு இதைவிட மோசம். வெளியே பெயின்ட் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் கொப்பளித்திருந்தது. கிரைண்டர் வைத்துத் திறந்ததும் உள்ளேயிருந்து ஈரச் சேறும், செதில் செதிலாகத் துருவும் கொட்டின. உள்ளங்கை அகலத்துக்குத் தகடே இல்லை.

ரன்னிங் போர்டு உள்ளே கூடாக இருக்கும். புகுந்த தண்ணீர் வடிய அடியில் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றைச் சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கி, இரும்பை உள்ளிருந்து தின்னத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உப்பி வெளியே தள்ளும்போதுதான் பெயின்டில் கொப்புளம் தெரிகிறது. நம் கண்ணுக்குப் படும்போது துருவின் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். கால் வைக்கும் இடம் அழுகியதற்குக் காரணம் வேறு: ஏ.சி. தண்ணீர் வெளியேறும் சின்ன ரப்பர் குழாய் அடைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் கார்பெட்டுக்கு அடியில் இறங்கியிருந்தது. முன்கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்தாலும், பேட்டரி அமிலம் தட்டில் வழிந்தாலும் இதே கதைதான். கடற்கரை ஊரின் உப்புக்காற்று எல்லாவற்றையும் வேகப்படுத்துகிறது.

பாயின் வாத்தியார் தொழில் பழகியது ஸ்டாண்டர்டு ஹெரால்டில். 1960களில் சென்னையிலேயே தயாரான அந்த வண்டிக்குச் சேஸிஸ் தனி, பாடி தனி. மாருதி 800க்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரையும் ரன்னிங் போர்டும் பில்லரும் கூரையும் சேர்ந்துதான் எடையைத் தாங்குகின்றன. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் உள்ளே இருப்பவருக்குக் கவசமும் அதே ரன்னிங் போர்டுதான். அங்கே துருவேறினால் வண்டியின் எலும்பே அரிபடுகிறது என்று பொருள்.

மத்தியானம் ஒருவர் பழைய வண்டியோடு வந்தார். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி, தகுதிச் சான்று (எஃப்.சி.) வாங்கிப் புதுப்பிக்க வேண்டும். "எஃப்.சி. வரைக்கும் தாங்கினா போதும் பாய். பட்டி வெச்சு பெயின்ட் அடிச்சுக் குடுங்க. வேற இடத்துல பத்தாயிரத்துக்கு முடிக்கிறேன்னு சொல்றாங்க" என்றார். பாய் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "அண்ணே, சஸ்பென்ஷன் பிடிக்கிற இடமே போயிடுச்சு. இதுல நான் காசு வாங்கினா பாவம். நல்ல இன்ஜினு, பார்ட்ஸா குடுத்துடுங்க." வந்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. பாய்க்குக் கையில் வந்த வேலை போனது. ஆனாலும் அவர் இரண்டாவது முறை யோசித்ததாகத் தெரியவில்லை.

பிரித்துப் போட்டிருந்த வண்டியில் வெட்டிய இடத்துக்கு அட்டையில் அளவெடுத்துத் தகடு நறுக்கினார்கள். தரைக்கு 20 கேஜ், ரன்னிங் போர்டுக்கு 18 கேஜ். கேஜ் எண் குறையக் குறையத் தகட்டின் கனம் கூடும். பேட்டரி ஒயரைக் கழற்றி, ஈரச் சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் வைத்த பிறகுதான் வெல்டிங். கேஸ் வெல்டிங்கில் சூடு அகலமாகப் பரவி மெல்லிய தகடு நெளிந்துவிடும் என்பதால் சி.ஓ.2 வெல்டிங் போட்டார். ஒரே கோடாக இழுக்காமல் இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, கொஞ்சம் ஆறவிட்டு நடுவில் ஒரு பொட்டு. இப்படிப் பொட்டுகள் சேர்ந்து கோடாவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. கையாள் பையன் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கிரைண்டர் ஓட்டினான். பொடி கண் இமைவரை படிந்தது. அவனுக்கு நல்ல மாஸ்க்கும் கண்ணாடியும் வாங்கித் தரும் செலவுகூட எஸ்டிமேட்டில்தான் இருக்க வேண்டும். ஐந்நூறு குறை, ஆயிரம் குறை என்று நாம் கசக்கும்போது முதலில் விழுவது அந்தச் செலவுதான்.

வெல்டிங் முடிந்ததும் வேலை தீர்ந்ததாக நினைத்தேன். பாய் தகட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். வெல்டிங் சூட்டில் அங்கே பழைய பூச்சு எரிந்து இரும்பு அம்மணமாக நின்றது. "அடுத்த துரு இங்கிருந்துதான் வரும். வெளிய எவ்ளோ பளபளப்பு இருந்தாலும் இதை விட்டா ரெண்டே மழை." மூட்டில் சீலர் வைத்து அடைத்தார். பிரைமர் காய்ந்தபின், வடிகால் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கூட்டுக்குள் மெழுகு அடித்தார். கடைசியாகக் கம்பியால் துளைகளைக் குத்தித் திறந்துவிட்டார். இந்த வேலைகளில் ஒன்றுகூட டெலிவரி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாது.

இதன்பிறகு மூன்று எஸ்டிமேட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது அவை வேறு வேறு வேலைகளுக்கான விலைகள் என்று புரிந்தது. 14,000 ரூபாய்த் தாளில் 'டிங்கரிங், பட்டி, பெயின்ட்' என்று ஒரே வரி. எவ்வளவு வெட்டுவார்கள் என்ற பேச்சே இல்லை. துருவின் மேலேயே பட்டி பூசினால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே அரிப்பு நிற்காது. 58,000 தாளில் பாதிக்குமேல் முழு வண்டிக்கும் பெயின்ட், பாலிஷ். துருவுக்கு 'ரிப்பேர்' என்ற ஒற்றைச் சொல். விலை கூடியதால் தகட்டு வேலை கூடிவிடவில்லை. 32,000 தாளில் எங்கே வெட்டுவது, எந்த கேஜ், என்ன வெல்டிங், சீலர், உள்மெழுகு, ரன்னிங் போர்டு வரைக்கும் மட்டும் பெயின்ட் என்று தனித்தனியாக இருந்தது. அடியில் ஒரு வரி: 'பிரித்த பிறகு 5,000 வரை கூடலாம், கேட்டுவிட்டுத்தான் செய்வோம்.' மூன்றில் அந்த வரிதான் எனக்கு அதிக நம்பிக்கை தந்தது. திறக்காத துருவுக்கு முடிந்த விலை சொல்ல எந்த டிங்கராலும் முடியாது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கடையில் கேட்க வேண்டியவை இவைதான். கார்பெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டா விலை சொல்கிறீர்கள்? வெட்டி ஒட்டுவீர்களா, மேலே பூசுவீர்களா? பின்பக்கத்துக்கு என்ன பூச்சு? பிரைமர் அடிப்பதற்கு முன் வெல்டிங்கைப் பார்க்க நான் வரலாமா? கடைசிக் கேள்விக்கு 'தாராளமா வாங்க' என்று சொல்பவரிடம் வண்டியை விடலாம். வேலை முடிந்தபின் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ரன்னிங் போர்டு நெடுக நகர்த்திப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது பிடிக்காமல் நழுவும்.

நான் பாயிடமே வண்டியை விட்டேன். வலதுபக்கம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வெட்ட வேண்டியிருந்தது. போன் செய்து, படம் அனுப்பி, கேட்டுவிட்டுத்தான் செய்தார். கேட்ட தொகையைக் கொடுத்தேன். பளபளப்புக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுத் தகட்டுக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கும்வரை, பட்டி பூசுகிறவருக்குத்தான் வேலை பெருகும். வெட்டி ஒட்டத் தெரிந்தவர் தொழிலை விட்டுப் போய்விடுவார். பேரம் பேசியே ஆகவேண்டும் என்றால் பெயின்டில் பேசுங்கள். தகட்டில் பேசாதீர்கள்.