மாயவரத்துக் கைகாட்டி

மாயவரம் ஜங்ஷன் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? எனக்குக் கரிப்புகையும் மீன்கூடை வாடையும் சேர்ந்தே வரும். தரங்கம்பாடி வண்டி வந்து நின்றால் பிளாட்பாரம் அப்படித்தான் மணக்கும். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று முப்பது கிலோமீட்டருக்குள் நின்று நின்று போகிற வண்டி. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிற தாத்தா பாட்டிகள் மாலைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் எனக்குச் சிக்னல் கேபின் படிதான் கதி. உள்ளே மணி அடித்தால் அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கேட்கிறது என்று அர்த்தம். கேபின்காரர் பழந்துணியைச் சுற்றித்தான் லீவரைப் பிடிப்பார். வெறுங்கை பட்டால் துருப்பிடிக்குமாம். முதலில் பாயிண்ட். தண்டவாள நாக்கு தடாலென்று நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு பூட்டு. அதன்பிறகே கைகாட்டி. வரிசை மாறினால் லீவர் இம்மியும் அசையாது. கப்பிகளின் மேல் கம்பி கிறீச்சிட்டு ஓட, தூரத்தில் அந்தச் சிவப்புக் கை தாழும். சித்திரை வெயிலில் கம்பி தொய்ந்து கை அரைகுறையாக நிற்கும், திருகி இறுக்குவார். கம்பி அறுந்தே போனாலும் கம்பத்தில் இருக்கும் பளு கையைப் பழையபடி நீட்டி நிறுத்திவிடும். "கெட்டுப்போனாலும் அது நில்லுன்னுதான்டா தம்பி சொல்லும்" என்பார்.

கும்பகோணம் பக்கமிருந்து வரும் வண்டியின் டிரைவர் ஒரு வளையத்தை நீட்டுவார். அதில் தொங்கும் பைக்குள் ஓர் இரும்பு உருண்டை. அடுத்த உருண்டை கைக்கு வராமல் அந்த ஒற்றைப் பாதையில் வண்டி நகராது. பொழுது சாய்ந்தால் விளக்குக்காரத் தாத்தா மண்ணெண்ணெய் விளக்கோடு கைகாட்டிக் கம்பத்தில் ஏறுவார். ஐப்பசி அடைமழையிலும் ஏறுவார். இருட்டில் அந்தச் சிவப்புப் பொட்டு தெரிந்தால் அம்மா, "தாத்தா ஏறி இறங்கிட்டார்" என்று சொல்லி உலை வைப்பாள்.

1926-இல் போட்ட தரங்கம்பாடிப் பாதையை 1986-இல் நிறுத்திவிட்டார்கள். கேபின்காரரும் இல்லை, தாத்தாவும் இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் திருக்கடையூர் வரைக்குமாவது சாலையோரம் பார்த்துக்கொண்டே போங்கள். அங்கே ஒரு ரயில் ஓடியது.