கிழட்டு மணியும் கோணிச் சாக்கும்



தோட்டத்தை விட்டுப் போகிறவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அம்மிக்கல்லை விட்டுப் போவார்கள். முருங்கை மரத்தை விட்டுப் போவார்கள். நாயையும் விட்டுப் போவார்கள்.

எங்கள் தோட்டத்தில் மேட்டு லயம் காலியானபோது அப்படித்தான் நடந்தது. காரணமின்றி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி குற்றம். ஆனால் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்க நகராட்சிகள் பெரும்பாலும் உரிமம் தருவதில்லை. அவர்கள் என்னதான் செய்வார்கள்?

குட்டிகளை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கிழட்டு நாயை யார் கேட்பார்கள்? மணிக்குப் பன்னிரண்டு வயது. அதை வளர்த்த பாட்டி, அறுபதைத் தாண்டியும் காண்ட்ராக்டில் பால் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் அவர் நிரைக்குப் போகும்போது முன்னால் மணி போகும். பாம்பானாலும் பன்றியானாலும் முதலில் குரைப்பது அதுதான். மகன் வீடு ஒன்பதாவது மாடியில். லாரி புறப்படும் நேரத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்து, "டீச்சரம்மா, இவன் சாகுற வரைக்கும் வெச்சிக்கிங்க. ரொம்ப நாள் ஆகாது" என்றார். எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்தவள் நான். வேறு பள்ளியிலிருந்து மாறிவரும் பிள்ளையை முதல் நாளே கரும்பலகைக்கு அழைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். பழகிய பையோடும் பழகிய பென்சிலோடும் அது மூலையில் உட்காரட்டும் என்று விட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நான், மணி வந்த அன்றே அதைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினேன். அது படுத்திருந்த கோணிச் சாக்கு நாறுகிறதென்று குப்பையில் போட்டேன். புதுப் பாயும் புதுத் தட்டும் வாங்கி வைத்தேன். அன்பு காட்டுவதாக நினைப்பு!

அன்றிரவே மணி கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. காலையில் தேடினால், கதவு கழற்றப்பட்ட பழைய வீட்டின் படிக்கட்டில் படுத்திருக்கிறது. அழைத்து வந்தேன். மறுபடியும் போயிற்று. சங்கிலி போட்டேன். மூன்று நாள் சோறு தொடவில்லை. என் சின்ன மகன் தூங்கிக்கொண்டிருந்த நாயின் முதுகைத் தடவப்போய், அது திடுக்கிட்டு அவன் கையைக் கவ்விவிட்டது. பல் பதியவில்லை. ஆனாலும் என் கணவர், "இது நமக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அன்று மாலை பாட்டிக்குத் தொலைபேசியில் பேசினேன். புகார் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவரோ, "பகல் பதினோரு மணிக்குச் சோறு வெச்சீங்களா? நான் வெட்டு முடிஞ்சு வந்துதான் அவனுக்கு வைப்பேன். கருவாட்டுத் தண்ணி கொஞ்சம் ஊத்தணும். பக்கத்துல உக்காரணும். அவனுக்குக் காது கேக்காதும்மா" என்றார். காது கேட்காது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்!

குப்பைமேட்டுக்கு ஓடினேன். நல்ல வேளை, சாக்கு அங்கேயே கிடந்தது. பாட்டி வெட்டுக்குப் போட்டுக்கொண்டு போன பழைய சட்டை ஒன்றும் காலி வீட்டு ஆணியில் தொங்கியது. ரப்பர் பால் நாற்றம் உங்களுக்கெல்லாம் தெரியும். பத்து முறை துவைத்தாலும் போகாது. இரண்டையும் வாசல் மூலையில் போட்டேன். மணி வெகுநேரம் முகர்ந்தது. மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது. மறுநாள் பதினோரு மணிக்கு நான் வகுப்பில் இருந்ததால் என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். கருவாட்டுச் சோறு தட்டில் மிச்சமில்லை.

பிறகு பழக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரிந்தன. காது மந்தமான நாயைத் தூக்கத்தில் தொடக்கூடாது. சற்றுத் தள்ளி நின்று தரையில் காலைத் தட்டினால் அதிர்வில் விழித்துக்கொள்ளும். இதை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவன்தான் இப்போது அதற்கு நெருங்கிய தோழன். கண்ணில் நீலம் பூத்திருந்ததைப் பார்த்துக் குருடென்று நினைத்தேன். கால்நடை மருத்துவர் அது வயதின் அடையாளம், பார்வை ஓரளவு இருக்கிறது என்றார். பல் தேய்ந்திருந்ததால் சோற்றைக் குழைத்துக் கொடுக்கச் சொன்னார். மூட்டுவலிக்கு வீட்டிலிருக்கும் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமோல் நாய்க்கு ஆபத்து. பூனைக்கு உயிரே போய்விடுமாம். வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டோம். 2015-இல் பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிசிலும், 2017-இல் சரவாக்கிலும் அந்த நோய் வந்ததை மறந்துவிடக்கூடாது அல்லவா?

ஒன்று மட்டும் மாறவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து வேலிப் படலருகே நின்று முனகும். பெரட்டுக்கு நேரமாகிவிட்டதாம்! முதலில் அதட்டினேன். காது கேளாததை அதட்டி என்ன பயன்? டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு நானும் கூடவே நடக்கத் தொடங்கினேன். முதல் நிரை வரை போகும்; ஒரு மரத்தடியில் சற்று நிற்கும்; திரும்பிவிடும். அப்புறம் பகலெல்லாம் நிம்மதியான தூக்கம்.

பொங்கலுக்குப் பாட்டி வந்தார். மணிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சேலை முந்தானையை முகர்ந்தபின் அது எழுப்பிய ஒலியை என்னால் எழுத முடியாது. பாட்டி தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தேநீர் கலக்க உள்ளே போய்விட்டேன்.

தேநீரைக் கொடுத்தபோது கேட்டார்: "இன்னும் நாலரைக்கு எழுந்திரிக்கிறானா?"

"தவறாமல் எழுந்திருக்கிறான் பாட்டி."

"நானுந்தான் எழுந்திரிக்கிறேன் டீச்சரம்மா. போறதுக்குத்தான் இடமில்லே. ஜன்னல்கிட்ட நிக்கிறேன்."

அன்றிரவு அவரை எங்கள் வீட்டிலேயே தங்கச் சொன்னேன். நாலரை மணிக்குப் படல் திறக்கும் சத்தம் கேட்டது. டார்ச் விளக்கு என் தலைமாட்டிலேயே இருந்தது. அவர்கள் இருவருக்கும் அது தேவைப்படவில்லை.