பொலிகுதிரை

சுவிசின் ஜூறா மாநிலத்தில் சென்லெஜியே என்றொரு ஊர். 1897 இல் தொடங்கிய குதிரைச் சந்தை ஆகஸ்ட் மாதங்களில் கூடுகிற ஊர். அங்கே ஒரு ரெஸ்ரோறண்டின் குசினியில் நாங்கள் மூன்று பேர் கோப்பை கழுவினோம். அதற்கு முன் நெடுந்தீவில் தன்பாட்டில் மேயும் குதிரைகளைத்தான் எங்களுக்குத் தெரியும். அவற்றுக்கு என்ன வருத்தமென்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

2019 இல் ஒருநாள், பின்கதவால் முட்டை கொண்டுவரும் கமக்காரர் கோப்பி குடித்தபடி தன் பொலிகுதிரையைப் பற்றிச் சொன்னார். பதினாறு வயது. குறியின் உறைக்குள் நாற்றம். ஊத்தையென்று கழுவிவிட்டிருக்கிறார். பிறகு இரத்தம் சொட்டியது. புற்றுநோய்.

வயதுபோன ஆண்குதிரைகளின் குறியில் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம். முன்பெல்லாம் உறைக்குள் சேரும் அழுக்கைத்தான் குற்றம் சொன்னார்கள். 2010 அளவிலிருந்து, குதிரைகளுக்கே உரிய ஒரு பப்பிலோமா வைரசுக்கும் இதில் பங்குண்டு என்று கண்டிருக்கிறார்கள். நேரத்தோடு கண்டால் உறையவைத்தோ களிம்பு பூசியோ மாற்றலாம். இது பிந்திவிட்டது. ஒரு பகுதியை வெட்டினார்கள். கவட்டு நெறிக்குப் பரவாததால் உயிர் தப்பியது. ஆனால் இனிப் பெட்டையோடு விடமுடியாது.

அன்றிரவு அண்ணை தண்ணீரைப் பூட்டினார்.

"தம்பியவை, எனக்கும் அதிலை ஒரு புண் இருக்கு. ஏழு மாசமாச்சு."

ஊரில் அவருக்குப் பெண் பேசியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மூவருமாகப் போனோம். மொழிபெயர்க்கத் தமிழாள் வேண்டாமென்றார் அண்ணை. கதை ஊர்வரை போய்விடும் என்ற பயம். பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவந்த எங்கள் படிப்பில் இதற்கான பிரெஞ்சு இல்லை. கமக்காரரிடம் கேட்ட சொற்களே இருந்தன. குதிரையின் உறைக்குச் சொல்லும் 'ஃபூறோ'வையே டொக்டரிடமும் சொன்னோம். வாளின் உறைக்கும் அதுதான் பெயர். அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் படுக்கச் சொன்னார்.

புற்றுநோயின் ஆரம்பம், மேற்தோலோடு நிற்கிறது என்றார்கள். 5-ஃபுளோரோயுராசில் களிம்பு தந்தார்கள். குதிரைகளுக்கும் பூசுகிற மருந்துதான். மாறிவிட்டது. பிள்ளை பெறுவதற்குத் தடையில்லை என்றும் சொன்னார்கள். 2021 இல் கல்யாணம் நடந்தது.

கமக்காரர் தன் குதிரையின் நோயைக் கோப்பி மேசையில் வைத்துச் சொன்னார். ஒரே அறையில் பாய்போட்டுப் படுத்த நாங்கள், எங்களில் ஒருவரின் நோயை ஏழு மாதம் அறியாதிருந்தோம்.