எருக்கஞ்செடி எடுத்த பாடம்



ஒவ்வொரு வருஷமும் நம்ம பள்ளிக்கு பி.எட். பயிற்சி ஆசிரியர்கள் வருவார்கள். அவங்க வந்தா நமக்குக் கொண்டாட்டம்தான். சார்ட், மாடல் எல்லாம் கொண்டு வருவார்கள், அதிகம் திட்ட மாட்டார்கள். ஆனால் அவர்களுக்கும் அறிவியல் என்றால் பயம் இருக்கலாம் என்பது இந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வகுப்புக்கு வந்த பயிற்சி டீச்சர் முதல் வாரம் முழுக்கப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே ஒப்பித்தார். பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் போர்டில் வரைந்தபோது ஒரு பையன், “இதை நேர்ல பார்த்திருக்கீங்களா டீச்சர்?” என்று கேட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது. டீச்சர் கோபப்படவில்லை. “இல்லப்பா, நானும் மனப்பாடம் பண்ணித்தான் பாஸ் பண்ணேன். வாங்க, சேர்ந்து தேடுவோம்” என்றார்.

மறுநாள் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, மைதான ஓரத்து எருக்கஞ்செடிக்கு அழைத்துப் போனார். “இதோட பால் கண்ணுல பட்டா ஆபத்து, யாரும் இலையைக் கிள்ளாதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இலைக்கு அடியில் குண்டூசித் தலை அளவு முட்டை! வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி இட்டது. நாலாம் நாள் புழு வந்தது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட அழகான புழு. இரண்டு வாரம் இலையைத் தின்று கூட்டுப்புழு ஆனது. ஒரு மாசத்துக்குள் பட்டாம்பூச்சியாகப் பறந்துவிட்டது.

“எருக்கம்பால் விஷமாச்சே, புழு சாகாதா டீச்சர்?” என்று கேட்டேன். “தெரியலம்மா, படிச்சிட்டு வந்து சொல்றேன்” என்றார். மறுநாள் சொன்னார்: புழு அந்த விஷத்தைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். அதனால் பறவைகள் அதைத் தின்னத் தயங்குமாம். ‘தெரியல’ என்று சொல்லும் டீச்சரிடம் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அன்றைக்கே தோன்றியது.

“இதெல்லாம் டெஸ்ட்டுக்கு வருமா?” என்று சிலர் கேட்கிறார்கள். வந்தால் எங்களுக்கு மனப்பாடம் பண்ண வேண்டிய வேலையே இல்லை! 2005-இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் படிப்பைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு சேர்க்கத்தான் சொல்கிறது.

டீச்சர் பயிற்சி முடிந்து போய்விட்டார். ஆண்டு விழாவுக்காக மைதானத்தைச் சுத்தம் செய்யப் போவதாகச் சொல்கிறார்கள். அந்த எருக்கஞ்செடியில் இப்போது இரண்டு புழுக்கள் இருக்கின்றன. தயவுசெய்து அதை மட்டும் வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும் என்று ஆசிரியர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி